127 என்றார்கள்: ஒரு டொயோட்டா ரெய்ஸ் கார் வாங்கிய அனுபவம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஹட்டன் டவுனில் ஓடித் தேய்ந்த கார்களுக்குக்கூட வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்கு கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்ததும் விலை சரசரவென்று இறங்கும் என்று ஊரே காத்திருந்தது. இறங்கவில்லை. வரி அப்படி.

எங்கள் தேவை பெரிதில்லை. ஹட்டனில் எனக்கு ஒரு பார்மசி. வீடு கொட்டகலையில். மனைவியின் ஊர் கந்தப்பளை. இருந்த பழைய ஆல்ட்டோ தோட்டத்துப் பாதைகளில் ஒவ்வொரு கல்லிலும் அடிவயிறு உரசும். அதனால் கொஞ்சம் உயரமான, ஆனால் குறுகிய பாதையில் லொறிக்கு இடம் விடக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும். அப்படித்தான் டொயோட்டா ரெய்ஸில் வந்து நின்றோம். நீளம் 4 மீற்றருக்கும் குறைவு, தரையிலிருந்து 185 மில்லிமீற்றர் உயரம், 996 சீசீ டர்போ. ஊரில் பாதிப்பேர் இதே காரணங்களுக்காக இதையே தேடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. எல்லோரும் கேட்கிற வண்டிக்குப் பேரம் கஷ்டம்.

இதே வண்டியில் 1200 சீசீ ஹைப்ரிட்டும் இருக்கிறது. கார் சேல்களில், அதாவது வாகன விற்பனை நிலையங்களில், அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்த ஹைப்ரிட்டில் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும். எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டுமே. கொழும்பு நெரிசலுக்கு அருமை. நீளமான ஏற்றத்தில் சின்ன பற்றரி இறங்கிவிட்டால் எஞ்சின் கத்த ஆரம்பிக்கிறது. கண்டியில் ஓட்டிப் பார்க்கச் சொன்ன இடம் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துச் சமதரை. "ஹந்தானைப் பக்கம் போகலாமா?" என்று கேட்டேன். விற்பனையாளருக்கு முகம் கோணியது, ஆனாலும் வந்தார். நாலு பேரோடு, ஏசியும் போட்டு ஏறினோம். அங்கேயே டர்போ என்று முடிவாகிவிட்டது. மலைநாட்டில் இருப்பவர்கள் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் கை கொடுக்காதீர்கள்.

பேரத்துக்கு என்னோடு வந்தவர் மாமா, மனைவியின் அப்பா. கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். கோவாவுக்கு ஐந்து ரூபா குறைக்க அரை மணித்தியாலம் நிற்பவர். அவருடைய வழி எளிது: சொன்ன விலையில் கால்வாசியை வெட்டிக் கேள், எழுந்து நட, கூப்பிடுவான். முதல் கார் சேலில் 127 இலட்சம் என்றார்கள். மாமா 100 என்றார். விற்பனையாளர் சிரித்துவிட்டு, "அங்கிள், வரியோட எங்களுக்கே அதுக்குமேல போகுதே" என்று சிங்களத்தில் சொல்லி, அடுத்தவரிடம் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொழும்பில் வாகனம் இறக்குகிற ஒரு நண்பர், 2023 ரெய்ஸ் ஜப்பான் ஏலத்தில் எந்த விலைக்குப் போகிறது என்று சொன்னார். அதோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தால் சீஐஎஃப் பெறுமதி. யென்னுக்கு இரண்டு ரூபாவை ஒட்டி வைத்துப் பார்த்தால் எனக்கு 46 இலட்சம் வந்தது. அதற்கு மேல் அப்போது சுங்க வரி 20 சதவீதம். அந்த வரிமேல் 50 சதவீத மேலதிகக் கட்டணம், ஆக 30. பிறகு சீசீ கணக்கில் உற்பத்தி வரி. இதெல்லாம் சேர்ந்த தொகைக்கு 18 சதவீத வற், அதாவது பெறுமதி சேர் வரி. அப்புறம் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு 2.5. வரிக்கு வரி கட்டுகிறோம், வேறொன்றுமில்லை. பெற்றோல் வண்டியின் சீஐஎஃப் 50 இலட்சத்தைத் தாண்டினால் சொகுசு வரியும் வரும். இந்த வண்டி அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதுதான் அது இவ்வளவு ஓடுவதற்குப் பெரிய காரணம்.

கூட்டிப் பார்த்தால் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 103 இலட்சம் அளவில். துறைமுகச் செலவு, கிளியரிங், வங்கி வட்டி எல்லாம் போட்டு 106 வைத்தேன். ஆக விற்பவர் கேட்ட 127-இல் ஏறக்குறைய 20 இலட்சத்தில்தான் பேச இடம் இருக்கிறது. 100 என்று கேட்டால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? மாமாவிடம் இதை விளக்கியபோது, "அப்ப அவனுக்கு எவ்வளவு லாபம் விடலாம்னு நீயே சொல்லு மாப்பிள்ளை" என்றார். ஒரு வண்டிக்கு 8 இலட்சம் கிடைத்தால் யாரும் நஷ்டப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் இலக்கு 114, விட்டுக்கொடுத்தால் 118. அதற்கு மேல் போவதில்லை என்று மனைவியும் சேர்ந்து எழுதி வைத்துக்கொண்டோம்.

அடுத்த இடம் குருநாகல் வீதியில். 121 என்றார்கள், கேட்கவே இனிப்பாக இருந்தது. ஏலத் தாளைக் கேட்டேன், ஜப்பான் ஏலத்தில் வண்டியைப் பார்த்துத் தரத்தையும் குறைகளையும் எழுதும் தாள் அது. லமினேட் செய்த ஒரு போட்டோக்கொப்பியைக் கொண்டுவந்தார்கள். தரம் 5 என்று பெரிதாகத் தெரிந்தது. வண்டியின் படம் வரைந்திருக்கும் பெட்டி மட்டும் மங்கல். ஏலத் தாளில் முக்கியமே அந்தப் படம்தான். எந்தக் கதவில் கீறல், எந்த மட்கார்ட்டில் நெளிவு என்பதை அங்கேதான் குறிப்பார்கள். ஏ1 என்றால் சின்னக் கீறல், யூ1 என்றால் சின்ன நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். சாசி இலக்கத்தை எழுதிக்கொண்டு நண்பருக்கு அனுப்பினேன். அவர் ஏலப் பதிவிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளில் தரம் 4, இடது பின்கதவில் எக்ஸ்எக்ஸ். மறுபடி அந்தக் கதவின் விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தபோது ரப்பருக்கு அடியில் பெயின்ட் கொஞ்சம் சொரசொரத்தது. கதவு மாற்றியது ஒன்றும் பாவமில்லை, அந்த விலைக்கு எடுக்கலாம் என்றுகூட மாமா சொன்னார். தாளை மாற்றியவரிடம் வேறு எதை நம்புவது என்று எனக்குத் தோன்றியதால் வந்துவிட்டோம்.

கடைசியில் எடுத்தது கண்டியில் வேறொரு கார் சேலில். அங்கே விலை 123. தாளைக் கேட்டதும் தெளிவாகக் கொடுத்தார்கள்: தரம் 4.5, முன் பம்பரில் ஏ2, 11 ஆயிரம் கிலோமீற்றர். நண்பர் எடுத்ததோடு ஒத்துப்போனது. பேரத்துக்கு முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த வண்டி சுங்கத்திலிருந்து எப்போது வெளியே வந்தது? இறக்கிய வாகனத்தை 90 நாளுக்குள் யாராவது ஒருவர் பெயரில் பதிவு செய்யாவிட்டால் மாதத்துக்கு சீஐஎஃப் பெறுமதியில் 3 சதவீதம் தண்டம். 46 இலட்சத்துக்கு அது மாதம் 1 இலட்சத்து 38 ஆயிரம். அவர் நேரே பதில் சொல்லாமல், "அதெல்லாம் பிரச்சினை இல்லை சேர்" என்றார். சுங்கப் பத்திரத்தில் திகதியைப் பார்த்தோம். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அங்கேதான் மாமாவின் திறமை வேலை செய்தது. நான் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன், மாமா பேசினார். "தம்பி, நீ லாபம் எடு, நாங்க வேண்டாம்னு சொல்லல. இதுக்கு மேல தண்டத்தையும் கட்டப்போறியா?" முதலாளியே உள்ளே இருந்து வந்தார். தேத்தண்ணி வந்தது. 120 என்றார். மாமா 114 என்றார். எங்கள் கணக்கில் விட்டுப்போன செலவு ஒன்றை முதலாளி காட்டினார், வண்டியை இறக்க எடுக்கும் கடனுறுதிக் கடிதத்துக்கு வங்கி பிடித்து வைக்கும் காசு. நியாயமாகத்தான் இருந்தது, ஏற்றுக்கொண்டோம். 117 இலட்சத்து 50 ஆயிரத்தில் நின்றது, பதிவுச் செலவு உட்பட. இந்த "உட்பட" என்பதை ரசீதில் எழுத வைத்தேன். இல்லாவிட்டால் பதிவு, ஆவண வேலை, வண்டி கொண்டுவந்த கூலி என்று பின்னால் தனித்தனியாக முளைக்கும்.

பழைய ஆல்ட்டோவையும் கொடுத்து மாற்றலாம் என்று அவர்களே கேட்டார்கள். 24 இலட்சம் போட்டார்கள். புதியதில் குறைத்ததை இதில் எடுக்கப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. தலவாக்கலையில் ஒரு ஆசிரியர் அதை 29க்கு வாங்கிக்கொண்டார்.

இனி லீசிங். இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், விலையில் வென்று இதில் தோற்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். மத்திய வங்கி 2025 ஜூலையில் கார், ஜீப், வேன்களுக்கு வண்டிப் பெறுமதியில் 60 சதவீதம்தான் கடன் தரலாம் என்று வைத்தது. இதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வாங்கப் போகும்போது ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர், "இன்வொய்ஸைக் கூட்டிப் போட்டால் இன்னும் எடுக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். கையிருப்பும் சீட்டுக் காசும் போக எங்களுக்கு 50 இலட்சம் போதும்.

அவர்களோடு ஒட்டி வேலை செய்யும் லீசிங் கம்பெனி ஐந்து வருடத்துக்கு இலட்சத்துக்கு மாதம் 2,400 என்றது. கேட்டால் சின்னத் தொகைதான். ஹட்டனில் என் கணக்கு இருக்கும் வங்கி 2,275 என்றது. வித்தியாசம் 125 ரூபா, ஒரு பிளேன்டீயும் வடையும். 50 இலட்சத்துக்கு, 60 மாதத்துக்குப் பெருக்கினால் 3 இலட்சத்து 75 ஆயிரம். நாங்கள் மேசையில் அரை நாள் மல்லுக்கட்டிக் குறைத்ததில் பாதிக்கும் மேல். வட்டியாகப் பார்த்தால் ஒன்று ஆண்டுக்கு 15.5 சதவீதத்தை ஒட்டி, மற்றது 13. எங்கள் வங்கி என்றதும் விற்பனையாளர் முகம் வாடியது. லீசிங் கொண்டுவந்து சேர்த்தால் அவருக்குக் கொமிஷன் உண்டு, அவர் பிழைப்பும் ஓட வேண்டுமே. ஆனாலும் காசு நம்முடையது. மாதத் தவணையைச் சொல்லியே பேச ஆரம்பிக்கிறவரிடம், "முழு விலை எவ்வளவு?" என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை வேறு எதற்கும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

பதிவுக்கு வரி அடையாள இலக்கம் கட்டாயம். பார்மசிக்காக ஏற்கெனவே எடுத்திருந்ததால் எனக்கு வேலை மிச்சம். இல்லாதவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன்பே உள்நாட்டு இறைவரியில் எடுத்து வைத்துக்கொண்டால், வண்டி தயாராகி நிற்கும்போது ஓடித் திரிய வேண்டியதில்லை.

இலக்கம் சீக்கிரம் கிடைத்தது. தகடு வர நாளானது, அந்தச் சமயம் நாடு முழுக்கத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. பதிவுப் பத்திரங்களின் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டுதான் ஓடினோம். கினிகத்தேனையில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். பத்திரத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஜன்னலில் குனிந்து கேட்டார்: "எவ்வளவுக்கு எடுத்தீங்க?"