480-க்கும் 128-க்கும் நடுவே

உலாவியில் இயங்கும் குரல் அழைப்புச் செயலி ஒன்றில் இரைச்சல் நீக்கத்தைச் சேர்க்கும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. ஹெட்ஃபோன்கள் எதிர் அலையை உண்டாக்கி, கேட்பவரின் காதுக்கு வரும் வெளிச் சத்தத்தை அடக்குவது வேறு. பேசுபவரின் மைக்கில் குரலோடு கலந்துவிட்ட மின்விசிறி ஓசையையும் விசைப்பலகைத் தட்டலையும் பிரித்தெடுத்துக் குறைப்பது வேறு. நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டாவது.

இதற்கு ஆர்என்நாய்ஸ் என்ற திறந்த மூல லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி இலவசமாகத் தந்த ஆயத்த நிரல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஜான்-மார்க் வாலின் 2017-இல் வெளியிட்ட இது, ஒலியின் அதிர்வெண்களைச் சில பட்டைகளாகப் பிரித்து (முதல் பதிப்பில் 22), ஒவ்வொரு பட்டையையும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பிடம் கேட்கிறது. ஆகவே சாதாரணக் கணினியிலும் இது தாராளமாக ஓடும். 1979-இல் ஸ்டீவன் போல் விவரித்த, இரைச்சலின் மதிப்பீட்டை ஒலியிலிருந்து கழிக்கும் நிறமாலைக் கழித்தல் முறையில் மிஞ்சும் கிணுகிணு ஒலியும் இதில் பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. லைப்ரரியை வெப் அசெம்பிளியாக, அதாவது உலாவி வேகமாக இயக்கக்கூடிய வடிவமாக மாற்றி இணைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. அதன் பிறகு வந்த சிக்கல்கள் எதற்கும் அந்த வலையமைப்பு காரணமல்ல. எல்லாமே அதற்கு ஒலியைக் கொண்டுசேர்க்கும் வழியில் இருந்தன.

முதல் நாள், இரைச்சல் குறைந்ததாகவே தெரியவில்லை. உலாவி ஒலியை −1 முதல் 1 வரையிலான தசம எண்களாகத் தருகிறது. லைப்ரரியும் தசம எண்களைத்தான் வாங்குகிறது, ஆனால் அவை 16 பிட் அளவில், அதாவது −32768 முதல் 32767 வரை இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நான் அனுப்பிய ஒலி அதன் கணக்கில் ஏறக்குறைய மௌனம். உள்ளே போகும்போது 32768-ஆல் பெருக்கி, வெளியே வரும்போது அதே எண்ணால் வகுத்ததும் வேலை செய்யத் தொடங்கியது. தரவு வகை பொருந்திவிட்டதால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் எதையும் சொல்லாமல் விட்டுவிடும் இத்தகைய பிழைதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

அடுத்தது, மைக்கை இயக்கும் ஒவ்வொரு முறையும் கேட்ட ஒரு சின்ன 'டிக்'. லைப்ரரிக்கு ஒரு தடவைக்கு 480 சாம்பிள்கள் (ஒலியின் அளவீட்டு எண்கள்) கொண்ட ஒரு சட்டகம் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள்களில், அது 10 மில்லிவிநாடி. உலாவியில் ஒலியைக் கையாளும் பகுதியான ஆடியோ வொர்க்லெட்டோ நம் நிரலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் 128 சாம்பிள்களாகத்தான் கொடுக்கிறது, அதே அளவில்தான் திரும்பவும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ரிங் பஃபர் (சாம்பிள்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடம்) வைத்து, 480 சேர்ந்ததும் சுத்தம் செய்து அனுப்பினேன். வொர்க்லெட்டின் முதல் மூன்று அழைப்புகளில் மௌனம், நான்காவதிலிருந்து ஒலி. சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் ஏழாவது அழைப்பில் 32 சாம்பிள்களும், பதினொன்றாவதில் மீண்டும் 32 சாம்பிள்களும் குறைவது தெரிந்தது. அந்த ஓட்டைகளைப் பூச்சியங்கள் நிரப்பியபின் பஃபர் தானாகவே சமநிலைக்கு வந்துவிடுவதால், பிழை தொடக்கத்தில் மட்டும் கேட்டது. 128-க்கும் 480-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 32. ஆகவே 480-லிருந்து 32-ஐக் கழித்து, தொடக்கத்திலேயே 448 பூச்சியங்களை வெளியீட்டுப் பஃபரில் இட்டதும் 'டிக்' மறைந்தது. இதனால் வரும் தாமதம் சுமார் 9.3 மில்லிவிநாடி. லைப்ரரியின் சொந்தத் தாமதத்தைச் சேர்த்தாலும், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-டி ஜி.114 பரிந்துரை பெரும்பாலான பயன்பாடுகளுக்கு ஏற்றதாகக் கருதும் 150 மில்லிவிநாடி ஒருவழித் தாமதத்தில் இது சிறு பங்குதான்.

வேகத்தை அளப்பதிலும் இதே எண்கள் ஏமாற்றும். 10 மில்லிவிநாடி ஒலிக்கான முழுக் கணக்கும், 480 நிறையும் அந்த ஒரே அழைப்பின் 2.67 மில்லிவிநாடிக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால், சராசரியைப் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை. ஒலிக்கென்று தனியாக ஓடும் அந்த த்ரெட்டில் (நிரலின் இயக்க ஓட்டத்தில்) புதிய நினைவகம் கேட்பதும் கூடாது. பஃபர்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டேன்.

உலாவி தன் பங்குக்குச் செய்யும் இரைச்சல் குறைப்பை அணைத்துவிட வேண்டும். இருமுறை வடிகட்டிய குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. எதிரொலி நீக்கத்தை மட்டும் அதனிடமே விட்டேன், ஏனெனில் அது இரைச்சல் நீக்கத்துக்கு முன்பே நடக்க வேண்டியது. நம் வடிகட்டி ஒலியை நொடிக்கு நொடி மாற்றிவிட்டால், ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்கு வரும் பாதையை எதிரொலி நீக்கியால் கணிக்க இயலாது.

சோதித்தவர்களில் ஒருவர் அழைப்பில் கிதார் வாசித்துக் காட்டினார். மனிதக் குரலைக் காப்பாற்றப் பயிற்றுவிக்கப்பட்ட வலையமைப்பு, தந்தியின் நீண்ட அதிர்வைத் தயக்கமின்றி விழுங்கிவிட்டது. ஆகவே இதை அணைக்கும் பொத்தான் கட்டாயம் என்று முடிவு செய்தேன். அணைத்திருக்கும்போதும் மூல ஒலியை அதே அளவு தாமதப்படுத்தியே அனுப்புகிறேன். மாறும் கட்டத்தில் ஒரு சட்டக நேரத்துக்கு இரண்டையும் படிப்படியாகக் கலக்கிறேன். இப்போது பேச்சின் நடுவே பொத்தானை அழுத்தினாலும் சொல் தாவுவதில்லை.