கணையம் ஓய்ந்த பிறகு சாப்பிடக் கற்றது

கீழக்கரையில் எங்கள் வீட்டில் யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை, நானும் அப்படித்தான். இருந்தும் சில ஆண்டுகளாக என் எடை குறைந்துகொண்டே வந்தது. “வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டும் உன் உடம்புல ஒட்ட மாட்டேங்குதேம்மா” என்று மாமி வருந்துவார். உறவினர் சிலர் கண்ணேறு என்றனர். எனக்கு முப்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்திருந்ததால், மெலிவுக்கும் அதுவே காரணம் என்று உள்ளூரில் பார்த்த மருத்துவர் கூறிவிட்டார். அவ்வப்போது முதுகுவரை பரவிய மேல்வயிற்று வலிக்கு வாய்வு மாத்திரை கிடைத்தது.

மதுரையில் பார்த்த குடல்நோய் மருத்துவர்தான் எவரும் கேட்காததைக் கேட்டார்: மலம் எப்படிப் போகிறது, நிறம் என்ன, நீரில் மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றினால் எளிதில் போகிறதா? பெண்கள் தம் உம்மாவிடம்கூடச் சொல்லக் கூசும் செய்தி அது. வெளிறிய நிறம், தாங்க முடியாத நாற்றம், எத்தனை வாளி ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டி நிற்கும் பிசுபிசுப்பு, சூடை மீன் பொரியலோ நெய்ச்சோறோ சாப்பிட்ட மறுநாள் நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் என்று எல்லாவற்றையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். நான் சாப்பிட்ட கொழுப்பில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். சோறும் மீனும் நெய்யும் அப்படியே இரத்தத்தில் கலக்க முடியாது. குடல் சுவர் உள்ளே விடும் அளவுக்கு அவை சிறு மூலக்கூறுகளாக உடைய வேண்டும். அந்த உடைப்பைச் செய்பவை செரிமான நொதிகள். மாவுச்சத்தை உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் வாயிலேயே உடைக்கத் தொடங்குகிறது. புரதத்தின் மீது இரைப்பையின் பெப்சின் வேலை செய்கிறது. ஆனால் பெரும்பகுதி வேலை சிறுகுடலின் தொடக்கத்தில் நடக்கிறது. கணையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரை அங்கே சுரக்கிறது. அதிலுள்ள டிரிப்சின் புரதத்தையும், அமைலேஸ் மாவுச்சத்தையும், லைபேஸ் கொழுப்பையும் உடைக்கின்றன. அதே நீரிலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் இரைப்பை அமிலத்தை முறிக்கிறது. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடித்தால்தான் லைபேஸ் அதைப் பற்ற முடியும். குடல் சுவரிலும் சில நொதிகள் உள்ளன. அவை இரட்டைச் சர்க்கரைகளை ஒற்றைச் சர்க்கரைகளாக்கி உள்ளே அனுப்புகின்றன.

கணையம் பழுதானால் முதலில் தடுமாறுவது கொழுப்புச் செரிமானம்தான். மாவுக்கும் புரதத்துக்கும் ஓரளவேனும் மாற்று வழி உண்டு. கொழுப்போ பெரும்பாலும் கணைய லைபேஸை நம்பியிருக்கிறது. அதுவும் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்வரை மலத்தில் எண்ணெய் தென்படாமலே இருக்கலாம் என்று அறிந்தபோது, என் கணையம் எவ்வளவு காலமாக ஓய்ந்துகொண்டிருந்தது என்பது புரிந்தது.

சி.டி. ஸ்கேனில் கணைய நாளத்துக்குள் சுண்ணாம்புக் கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மதுப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இளவயதில் வரும் இவ்வகைக் கணைய அழற்சி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மீது பழி போட்டார்கள், அது நிறுவப்படவில்லை. இப்போது மரபணுக் காரணங்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறார்கள். அடுத்தது மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் கணைய நொதியை அளக்கும் சோதனை. அந்த நொதி குடலில் சிதையாமல் வெளிவருவதால் கணையத்தின் நிலையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 100க்குக் கீழே இருந்தால் கடும் குறைபாடு. என்னுடையது இரண்டாம் வகை.

நொதிக் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தபோதுதான் அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்று தெரிந்தது. அன்று இரவு அதைத் தொட மனம் வரவில்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். இந்த நோய்க்குத் தேவையான ஆற்றலோடு எளிதில் கிடைக்கக்கூடிய வேறு மருந்து இல்லை என்றார். என் காக்கா (அண்ணன்) எங்கள் தெருப் பள்ளிவாசல் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், சென்று முழு விவரத்தையும் சொன்னார். அவர் மாற்று உண்டா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இல்லை என்று உறுதியான பிறகு, குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனத்தை ஓதி, நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் இடம் தருகிறது, தயங்காமல் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். இதே காரணத்தால் சொல்லாமல் கொள்ளாமல் மருந்தை நிறுத்திவிடுவோர் இருக்கக்கூடும். நிறுத்துவதற்கு முன் மருத்துவர், ஆலிம் இருவரிடமும் கேட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த மருந்தில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. காப்ஸ்யூலுக்குள் கசகசாவைப் போன்ற பழுப்பு மணிகள் இருக்கின்றன. லைபேஸ் அமிலத்தில் அழிந்துவிடும் என்பதால் அந்த மணிகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு. இரைப்பையைக் கடந்து அமிலம் தணிந்த சிறுகுடலை அடைந்த பிறகே அது கரையும். மணிகள் உணவோடு கலந்து, உணவோடு சேர்ந்தே இறங்க வேண்டும். ஆகவே வெறும் வயிற்றிலும் பயனில்லை, சாப்பிட்டு முடித்து நெடுநேரம் கழித்தும் பயனில்லை. முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்பது எனக்குச் சொல்லப்பட்ட முறை. மெல்லக் கூடாது; சுடச்சுடத் தேநீரோடு விழுங்கக் கூடாது. எனக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் பின்னர் சேர்க்கப்பட்டது.

எண்ணெய்த் துளிகள் மறைந்தன. எடையும் மெல்ல ஏறியது. கூடவே சர்க்கரையும் ஏறியதைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்தோம். உண்மையில், அதுவரை வீணாய்ப் போன மாவுச்சத்து இப்போது இரத்தத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. இன்சுலின் அளவை மாற்றினார்கள். கொழுப்போடு சேர்ந்தே உள்ளே செல்லும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் இவ்வளவு காலம் வீணாகியிருந்தன. டி குறைந்திருந்ததால் அதற்குத் தனி மருந்து கொடுத்தார்கள்.

பப்பாளி சாப்பிடு, செரிமான டானிக் குடி என்ற யோசனைகள் இன்றும் வருகின்றன. பப்பாளியின் பாப்பெயின் புரதத்தை மட்டுமே உடைக்கும். பிரியாணிக் கறியை மென்மையாக்க அது போதும். கடை டானிக்குகளில் பெரும்பாலும் மாவுக்கும் புரதத்துக்குமான நொதிகளே இருக்கின்றன. என்னைப் போன்றவருக்குப் பற்றாக்குறை லைபேஸில். அதை அவற்றால் ஈடுசெய்ய இயலாது. எண்ணெயையும் நெய்யையும் அடியோடு விட்டுவிடும்படி அக்கம்பக்கத்தில் சொன்னதையும் மருத்துவர் ஏற்கவில்லை. மெலிந்த உடலுக்குக் கொழுப்பு தேவை, அதற்கேற்ற நொதியைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார்.

அதனால் இப்போது தட்டைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்கிறேன். மருத்துவர் வகுத்துத் தந்த வரம்புக்குள், பால் சேர்க்காத தேநீருக்கு ஒன்றுமில்லை. தொதல் என்னும் எங்கள் ஊர் இனிப்பின் துண்டுக்கு ஒன்று. இட்லிக்குக் குறைவு, பரோட்டாவுக்குக் கூடுதல். கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி அமரும்போது முந்தானையில் முடிந்த காப்ஸ்யூல்களை நெய்ச்சோறு வைத்ததும் எடுத்துவிடுவேன். வீட்டில் டப்பாவை அடுப்படியிலோ ஜன்னலோரத்திலோ வைப்பதில்லை. 25 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்து வெயிலில் எங்கள் ஊரில் அந்தக் குளிர்ச்சிக்கு வழி ஏது? உள்ளறை மண்பானைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.