பீம் மாறுவதற்குள் கார் போய்விட்டால்

பாலக்காட்டுக் கணவாயில், வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோடு பக்கம் ஒரு கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 22 மீட்டர். சாலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி கம்பம், அதில் 16-க்கு 16 ஆன்டெனா வரிசை. இந்த அலைவரிசையில் அலைநீளம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான். அதனால் 256 ஆன்டெனாவும் உள்ளங்கை அகலத்தில் அடங்கும், அது ஒரு திசையில் குவித்து அனுப்பும் ரேடியோ கதிரான பீமும் ஆறரை டிகிரிக்குள் ஒடுங்கும். 100 மீட்டரில் அந்த பீமின் அகலம் 11 மீட்டர். கார் அதை அரை நொடியில் கடந்துவிடும்.

அடுத்த பீமைத் தேர்ந்தெடுக்க போன் எடுத்துக்கொள்ளும் நேரம்? 5ஜி தரநிலை அனுமதிக்கும் கணக்கு இது: எஸ்.எஸ்.பி., அதாவது போன் அளந்து பார்க்கக் கம்பம் ஒவ்வொரு பீமிலும் அனுப்பும் அடையாள சிக்னல், வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும். போன் தன் பக்கத்து ஏற்பு பீம்களை மாற்றி மாற்றிப் பார்க்க 8 சுற்று. சராசரி எடுக்க 3 மடங்கு. 20 × 8 × 3 = 480 மில்லிநொடி. அளந்து முடிப்பதற்குள் கார் அந்த பீமை விட்டே போயிருக்கும். நல்ல போன்கள் இதைவிட வேகமாக முடிக்கும்தான், ஆனால் அதை நம்பி நெட்வொர்க் வடிவமைக்கக் கூடாது.

தாமதம் என்றதும் பலர் பீமின் திசையைத் திருப்பும் ஃபேஸ் ஷிஃப்டரைச் சந்தேகிக்கிறார்கள். துணை அலைகளுக்கு நடுவே 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால், ஒரு சிம்பலே, அதாவது சிக்னலின் ஒரு துண்டே, 9 மைக்ரோநொடிதான். அதன் தலையில் பாதுகாப்புக்காக விடும் முன்னொட்டு இடைவெளிக்குள் ஷிஃப்டர் திரும்பிவிடும். நேரம் போவது அளப்பதிலும், அளந்ததைச் சொல்லி உத்தரவு வாங்குவதிலும்.

இன்னொரு தவறு: எஸ்.எஸ்.பி. பீம்களை 64-லிருந்து 16 ஆக்கினால் வேகம் வரும் என்ற எண்ணம். வராது. 64-ம் எப்படியும் 5 மில்லிநொடிக்குள் வந்து போய்விடும், காத்திருப்பது அடுத்த சுற்றுக்குத்தான். எண்ணிக்கையைக் குறைப்பதன் பலன் வேறு: சுற்றைச் சுருக்க இடம் கிடைக்கிறது. ஒரு எஸ்.எஸ்.பி.க்கு 4 சிம்பல். 64 பீம், 20 மில்லிநொடி என்றால் 2240 சிம்பலில் 256, அதாவது 11 சதவீதம் போகும். அதே 64-ஐ 5 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பினால் பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடும், ஏனென்றால் அனலாக் பேனல் அந்த நேரத்தில் வேறு திசையில் டேட்டா அனுப்ப முடியாது. 16 அகல பீம், 10 மில்லிநொடி என்றால் 6 சதவீதத்துக்கும் குறைவு. 480 இப்போது 240.

அகல பீமில் இழந்த கெயினை, அதாவது குவிப்பால் கிடைக்கும் வலுவை, மீட்க இரண்டாம் கட்டம் வேண்டும். ஜெயித்த அகல பீமுக்குள் 4 ஒல்லி பீம்களை, தேவைப்படும்போது மட்டும் அனுப்பும் சி.எஸ்.ஐ.-ஆர்.எஸ். என்ற அளவீட்டு சிக்னல் வழியாகக் காட்டுங்கள். பீமுக்கு ஒரு சிம்பல், மொத்தம் 36 மைக்ரோநொடி. பெரும்பாலும் சொதப்புவது டிரிகர் ஆஃப்செட்டில், அதாவது அளக்கச் சொல்வதற்கும் சிக்னல் வருவதற்கும் நடுவே விடும் நேரத்தில். போன் தன் பீம் மாற்ற நேரத்தை 14, 28, 48 சிம்பல் என்பது போல ஏதாவது ஒன்றாக அறிவித்திருக்கும். 48 என்று சொன்ன போனுக்கு 2 ஸ்லாட்டில், அதாவது 28 சிம்பலில் அனுப்பினால், அது தயாராகாமல் பழைய ஏற்பு பீமிலேயே அளக்கும். ரிப்போர்ட் வரும், எண்ணும் இருக்கும், ஆனால் தப்பான எண். லாகில் பிழை என்று ஒன்றுமே தெரியாது.

மூன்று மடங்கு சராசரியை அளவீட்டு நேரக் கட்டுப்பாட்டு அமைப்பால் ஒன்றாக்கலாம். 240 என்பது 80 ஆகும். விலை, எண் குதிக்கும். 3 டெசிபல் வித்தியாசம் இல்லாமல் பீம் மாற்றாதீர்கள், இல்லாவிட்டால் இரண்டு பீமுக்கு நடுவே ஊஞ்சல்தான்.

அடுத்தது உத்தரவு. தமிழில் எழுதினால் பீம் நிலையைக் குறிக்கும் சுருக்கமும் கட்டுப்பாட்டுச் செய்தியின் சுருக்கமும் ஒரே 'டி.சி.ஐ.' ஆகிவிடுவதால், பெயர் சொல்லாமலே விளக்குகிறேன். பீம் நிலைகள் 128 வரை கட்டமைக்கலாம், ஒரே சமயத்தில் செயலில் இருப்பவை 8. அந்த எட்டுக்குள் இருந்தால் கட்டுப்பாட்டுச் செய்தியில் 3 பிட் போதும், 14 அல்லது 28 சிம்பலில் மாறிவிடும். வெளியே இருந்தால் அதற்கு மேலடுக்கான மேக் லேயரின் உத்தரவு, அதற்கு ஒப்புதல், பிறகு 3 மில்லிநொடி, அதற்குமேல் அடுத்த எஸ்.எஸ்.பி. வரை காத்திருப்பு. அந்த பீமை அளந்து 1280 மில்லிநொடி தாண்டியிருந்தால் 'தெரியாத பீம்' கணக்கில் சேர்ந்து, மறுபடி அளவீடு. ஆகவே எட்டு இடத்தையும் காரின் போக்கில் அடுத்து வரும் பீம்களால் நிரப்பி வையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யூகிக்க ஏ.ஐ. தேவையில்லை. சந்தும் பொந்துமான டவுனுக்கு அது உதவும். சில பீம்களை மட்டும் அளந்து மற்றதைக் கணிக்கும் முறையை 5ஜி தரநிலையை எழுதும் 3ஜி.பி.பி. அமைப்பு அதன் 18ஆம் வெளியீட்டில் ஆராய்ந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் நிலையான 5ஜி இணையக் கருவிக்குக் கதையே வேறு. கருவி நகராது, கணவாய்க் காற்றில் பனையோலைதான் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பீம் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஓலைக்குள் போகாத ஒரு மாற்று வழியை, சுவர்ப் பிரதிபலிப்பானாலும் சரி, செயலில் வைத்துவிட்டு 3 டெசிபலை 6 ஆக்குங்கள்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் இன்னொன்று நடக்கும். மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் 26 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 8 டெசிபல் போகும், எல்லா பீமிலும் ஒன்றுபோல. பீம் மாற்றிப் பயனில்லை. மாற்று பீமுக்கான குறைந்தபட்ச சிக்னல் அளவை வெயில் நாளில் பார்த்து வைத்திருந்தால் மழையில் ஒன்றும் தேறாது, கருவி பொது ரேண்டம் ஆக்சஸுக்கு, அதாவது எல்லாரோடும் போட்டியிட்டுப் புதிதாக இணைப்புக் கேட்கும் வரிசைக்கு, போய் நிற்கும். அரை கிலோமீட்டர் தூர வீட்டுக்கு அந்த அளவை 4 டெசிபல் இறக்கி வையுங்கள்.