மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள்

இறந்த உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் அறைக்கு வரும் உடலோடு இறப்புக்கான சான்று வந்துவிடுகிறது. மருந்துச் சீட்டு வருவதில்லை. இறந்தவர் கடைசி மாதங்களில் என்னென்ன மருந்துகளை எடுத்துக்கொண்டார், உடலில் எந்த இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார் என்று நான் கேட்டால், உறவினர்கள் பலர் "இனிமேல் அதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்பதுபோல் பார்க்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் வேதியியலை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு அம்மாவின் உடலைப் பதப்படுத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழுத்துத் தமனி வழியாக, இளஞ்சிவப்புச் சாயம் கலந்த திரவத்தைச் செலுத்திக்கொண்டிருந்தேன். திரவம் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதைத் தோலின் நிறத்தைக் கொண்டே அறிவதற்காகத்தான் அந்தச் சாயம். சிறிது நேரத்தில் உதடு, காதுமடல், விரல் நுனி எல்லாம் நிறம் ஏறின. இடது மார்பிலிருந்து காறை எலும்புவரை மட்டும் ஓர் இடம், அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல, நிறம் ஏறாமலே நின்றது. அங்கே தோல் கறுத்து, தடித்து, விரலால் அழுத்தினால் பழைய தோல்வாரைப்போல் விறைப்பாக இருந்தது. அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் எந்த மாற்றமும் இல்லை, மாறாகக் கழுத்து உப்பத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டேன்.

கதிர்வீச்சு புற்றணுக்களை அழிக்கும்போது, அது கடந்து செல்லும் பாதையிலுள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. பிறகு வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் அந்தச் சுவர் தடித்து, குழாயின் உள்வழி குறுகி, நுண்ணிய குழாய்கள் பல அடைந்தே போகின்றன. மென்மையான திசு இருந்த இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. பதப்படுத்தும் திரவம் உடலெங்கும் பரவுவது உயிரோடிருந்தபோது இரத்தம் ஓடிய அதே வழியில்தான் என்பதால், வழி அடைபட்ட இடத்திற்கு அது போய்ச்சேர முடியாது. அழுத்தத்தைக் கூட்டினால் திரவம் எளிதான வேறு வழியைத் தேடிக்கொண்டு போய் அங்கே வீக்கத்தை உண்டாக்கும். அத்தகைய இடத்தை, ஊசி மூலம் தோலுக்கடியில் திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தியும், திரவத்தில் நனைத்த பஞ்சை மேலே வைத்து மூடியும் தனியாகத்தான் கவனிக்க வேண்டும். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கழுத்து உப்பியிருக்காது. அவருடைய மகள் பார்க்கப்போகும் கழுத்து அது.

மருந்துகள் செய்யும் மாற்றம் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பதப்படுத்தும் திரவத்தின் முக்கியப் பொருளான ஃபார்மால்டிஹைடு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால்தான் அது விளங்கும். ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் ப்ளும் 1893-இல் அதன் நீர்க்கரைசலான ஃபார்மலினைக் கையாண்டபோது, தம் விரல்களின் தோல் இறுகிப்போனதைக் கவனித்தார். திசுக்களைப் பதப்படுத்த அது உதவும் என்ற அறிவு அங்கிருந்து வந்தது. ஃபார்மால்டிஹைடு, புரதங்களிலுள்ள அமினோ தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, ஒரு புரதத்தை அடுத்த புரதத்தோடு பாலம் போட்டு இணைக்கிறது. அந்த இணைப்பால்தான் திசு இறுகுகிறது, அழுகல் தள்ளிப்போகிறது. ஆனால், புரதத்தைச் சென்றடையும் முன்பே வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாலம் உருவாகாது.

சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. சிறுநீரகம் செயலிழந்தால் வெளியேற வேண்டிய யூரியா முதலான நைட்ரஜன் கழிவுகள் இரத்தத்திலும் திசுக்களிலும் தங்கிவிடுகின்றன. யூரியா சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. ஆறு ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகளும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகளும் சேர்ந்து ஹெக்சமின் என்ற பொருளாக மாறிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆறும் திசுவை இறுக்கப் பயன்படா. வழக்கமான அளவில் திரவத்தைச் செலுத்தி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தால், சில மணி நேரம் கழித்துத் தொடும்போது தசை தளர்ந்தே கிடக்கும். அதனால் இத்தகைய உடலுக்குச் செறிவு கூடிய திரவமும், கூடுதல் அளவும், இடையிடையே தொட்டுப் பார்க்கும் பொறுமையும் தேவை. செறிவைக் கூட்டினால் அறைக் காற்றில் ஆவியும் கூடும். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் காற்றோட்டத்தையும் முகக்கவசத்தையும் சரிபார்த்துக்கொண்டு தொடங்கலாம். இது எங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

கல்லீரலும் சேர்ந்து கெட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. மருந்தாலோ நோயாலோ மஞ்சள் காமாலை கண்ட உடலின் தோலில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி தங்கியிருக்கும். செறிவு மிகுந்த ஃபார்மால்டிஹைடு பட்டால் அது பிலிவெர்டினாக மாறி, முகம் பச்சை நிறம் கொள்ளும். சிறுநீரகம் கெட்டதால் கடுமையான திரவம் வேண்டும். காமாலை இருப்பதால் கடுமையான திரவம் கூடாது. ஒரே உடலில் இந்த இரண்டும் எதிரெதிராக நிற்கும்போது, முதலில் மென்மையான முன்திரவத்தைச் செலுத்தி இரத்தத்தை இயன்றவரை வெளியேற்றி, அதோடு நிறமியில் ஒரு பகுதியும் போகுமாறு செய்கிறேன். பிறகு முகத்துக்கு மிதமானதும் கைகால்களுக்குக் கடுமையானதுமாகத் தனித்தனியே செலுத்துகிறேன். அப்படியும் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், நிறத்தை விட்டுக்கொடுத்துத் திசுவைக் காப்பதே சரி என்பது என் முடிவு. பச்சை நிறத்தை ஒப்பனையால் மறைத்துவிடலாம். தளர்ந்து சிதையத் தொடங்கிய முகத்தை மீட்க எந்த ஒப்பனையும் இல்லை.

நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் தோல் வெங்காயச் சருகைப்போல் மெலிந்திருக்கும். மருத்துவமனையில் ஒட்டிய பிளாஸ்திரியை அவசரமாக இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்; ஈரப்படுத்தி, மெல்ல மெல்லத்தான் எடுக்க வேண்டும். உடலில் நீர் கோத்திருப்பதும் உண்டு. அந்த நீர் நாம் செலுத்தும் திரவத்தை நீர்த்துப்போகச் செய்யும். வார்ஃபரின், ஹெப்பாரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் மட்டும் ஒரு வகையில் எங்களுக்கு உதவுகின்றன: கட்டியில்லாத இரத்தம் சிரை வழியே தடையின்றி வடிகிறது. ஆனால் ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் கசிவு நிற்காது, கைகளில் கன்றிய ஊதாத் திட்டுகள் பரந்திருக்கும். வலி நிவாரணத்துக்காக ஒட்டிய ஃபென்டனில் பட்டையை நான் முதலிலேயே தேடுவேன். நோயாளி இறந்த பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது.

ஒரு மகன் என்னிடம், "அம்மாவுக்குக் கரண்ட் வைத்தார்களே, அவர் கையைத் தொட்டால் எங்களுக்கு ஏதாவது ஆகுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. தாராளமாகத் தொடலாம் என்றேன். அவர் அந்தக் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதிரியக்கப் பொருளையே மருந்தாக உள்ளே செலுத்தியிருந்தால் கதை வேறு. தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 8 நாட்கள். புராஸ்டேட் சுரப்பியில் பதிக்கும் அயோடின்-125 மணிகளுக்கு ஏறத்தாழ 59 நாட்கள். பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும் என்ற கணக்கில், அயோடின்-131-க்கு 80 நாட்கள் ஆகின்றன. அதற்குள் இறந்தவரின் உடலிலிருந்து நாம் வடிக்கும் இரத்தத்திலும் சிறுநீரிலும் அது இருக்கக்கூடும். 2017-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், லுட்டீசியம்-177 சிகிச்சை பெற்ற சில நாட்களில் இறந்த ஒருவரின் உடலைத் தகவல் தெரியாமல் எரியூட்டியபோது, அந்த எரிகூடத்தின் கருவிகளில் கதிரியக்கம் படிந்திருந்தது பின்னர்தான் கண்டறியப்பட்டது. அத்தகைய உடலைத் திறக்கலாமா, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்பதற்கே, அப்படி ஒரு சிகிச்சை நடந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதைத் தாருங்கள். இல்லாவிட்டால் மாத்திரை வைத்திருந்த பையையாவது அப்படியே கொண்டு வாருங்கள்; அட்டைகளைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்வோம். எதுவுமே இல்லாமல் வரும் உடல்களில், விளக்கை அருகே இழுத்து, மார்பிலும் இடுப்பிலும் தோலை விரலால் நீவிக்கொண்டே நான் தேடுவது, கதிர் விழ வேண்டிய இடத்தைக் குறிக்க மருத்துவர்கள் பச்சை குத்தும் குண்டூசி முனையளவு நீலப் புள்ளிகளைத்தான். அந்த அம்மாவின் மார்பிலும் அவை இருந்தன. ஒன்று நடுவில், ஒன்று விலாவின் பக்கவாட்டில். திரவத்தைச் செலுத்தி முடித்த பிறகுதான் பார்த்தேன்.