எங்கள் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) எதிராக வந்த முதல் சான்று, தம்பி போட்ட வீடியோ

தம்பி செய்த ஊன்றுகோலுக்கு பேட்டன்ட் கேட்டிருந்தோம். பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்த அன்று அதை மூன்று தடவை படித்தேன். எங்கள் முதல் கிளெய்முக்கு, அதாவது இது எங்களுடையது என்று உரிமை கேட்கும் முதல் வாசகத்துக்கு, எதிராக ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய பேட்டன்டைக் காட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர்கள் காட்டியிருந்தது என் தம்பியே எடுத்துப் போட்ட 40 விநாடி வீடியோவை. தேதியோடு, நொடிக் கணக்கோடு குறிப்பிட்டிருந்தார்கள். அந்த வலி இன்னும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி செய்தது அம்மாவுக்கான ஊன்றுகோல். கைப்பிடியை அரைச் சுற்றுத் திருகினால் ஒரு கையாலேயே மடிந்துவிடும். தரையில் ஊன்றி எடையை வைத்தால் குழாய்க்குள் இருக்கும் ஓர் ஆப்பு இறுகி, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் பூட்டிக்கொள்ளும். எடையை எடுத்ததும் ஸ்பிரிங் அதை விடுவிக்கும். ஒரு கண்காட்சியில் வைத்தான், எல்லோரும் பாராட்டினார்கள், அன்றிரவே வீடியோ போட்டான். நாங்கள் விண்ணப்பம் போட்டது அதற்கு 23 நாள் கழித்து.

"நம்ம வீடியோதானே அக்கா, நமக்கே எப்படி எதிராகும்?" என்று கேட்டான். ஆகும். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகத்துக்குத் தெரிந்துவிட்டால் அது புதுமை இல்லை, சொன்னவர் யாராக இருந்தாலும் சரி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஒரு வருடம் சலுகை உண்டு. ஐரோப்பாவில் கிட்டத்தட்ட இல்லை, ஒருசில விதிவிலக்குகள்தான். நாங்கள் விண்ணப்பித்த இடத்திலும் அந்தச் சலுகை எங்களைக் காப்பாற்றவில்லை. கண்காட்சிக்கென்று தனி விலக்கு இருக்கிறதே என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தோம். அது அதிகாரபூர்வமாக அங்கீகரித்த கண்காட்சிகளுக்கு மட்டும், எங்களுடையது அதில் வரவில்லை. ஆகவே முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் மேடை, வீடியோ, பேட்டி எல்லாம். யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும் என்றால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள்.

இதே மாதிரி ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்ற தேடலிலும் தவறு செய்தோம். எஸ்பாசெநெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற பேட்டன்ட் தேடும் தளங்கள் இரண்டுமே இலவசம், வாரக்கணக்கில் உட்கார்ந்து தேடினேன். ஆனால் கைத்தடிகள் ஏ45பி என்ற வகைப்பாட்டில் இருக்கின்றன, நடக்க உதவும் மருத்துவச் சாதனங்கள் ஏ61எச் என்பதில் இருக்கின்றன. நான் முதல் வகையில் மட்டுமே தேடியிருக்கிறேன். சொல்லை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஒரு பேட்டன்டைக் கண்டுபிடித்து, அதில் போட்டிருக்கும் வகைப்பாட்டு எண்கள் எல்லாவற்றிலும் போய்ப் பாருங்கள்.

புரொவிஷனல், அதாவது தேதியைப் பிடித்துவைக்கும் முதற்கட்ட விண்ணப்பம், போட்டது ஒரே நாளில் முடிந்தது. முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருந்தது, பதினோராவது மாதம் போட்டோம். அங்கேதான் படங்களால் அலைந்தோம். கவுன்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு "சரியில்லை" என்று திருப்பித் தந்தார். எது சரியில்லை என்று கேட்டால் "விதியைப் பாருங்கள்" என்றார். கறுப்பு வெள்ளையாக மாற்றி எடுத்துப் போனோம், மறுபடியும் அதே பதில். கடைசியில் பிசிடி என்ற சர்வதேச பேட்டன்ட் ஒப்பந்தத்தின் விதிகளில் அளவு கிடைத்தது: ஏ4 தாள், மேலேயும் இடப்பக்கமும் 2.5 செ.மீ., வலப்பக்கம் 1.5, கீழே 1 செ.மீ. வெற்றிடம், நிறம் கூடாது, கோடுகள் கறுப்பாக அழியாமல் இருக்கவேண்டும். தம்பி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு தாளிலும் ஓரம் அளந்து திரும்ப வரைந்தான். மூன்றாவது முறை அதே ஆள் ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்தினார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்னொரு அலைச்சல் கையெழுத்துக்காக. ஆப்பின் சரிவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பது தம்பியின் யோசனை இல்லை, லேத்தில் வேலை பார்க்கும் அவன் நண்பருடையது. கூலிக்குக் கடைந்து கொடுத்தவர் என்று முதலில் அவர் பெயரை விட்டுவிட்டோம். எங்கள் பேட்டன்ட் ஏஜென்ட் ஒரே கேள்வி கேட்டார்: "கிளெய்மில் இருக்கும் யோசனை யாருடையது?" அவருடையதென்றால் அவரும் கண்டுபிடிப்பாளர்தான், பெயரை மறைத்தால் பின்னால் பேட்டன்டே ஆட்டம் காணும். அவர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தார். பயணம் செய்து உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வந்தால், பத்திரத்தில் இனிஷியல், அடையாள அட்டையில் விரிவான பெயர். செல்லாது என்றார்கள், திரும்பப் போனோம். அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்து டைப் செய்துகொண்டு கிளம்புங்கள்.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். ஏஜென்ட் பதறவில்லை. "வீடியோவில் என்ன தெரிகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். இரவு முழுக்க நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மடிவது தெரிகிறது, கைப்பிடி திரும்புவது தெரிகிறது, அம்மா ஊன்றி நிற்பதும் தெரிகிறது. குழாய்க்குள் நடப்பது ஒரு நொடிகூட இல்லை. ஆப்பு வெளியே தெரியவே இல்லை!

புரொவிஷனலில் அந்த ஆப்பு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. இருந்தது. தம்பி நோட்டில் கிறுக்கியிருந்த ஒன்பது பக்கங்களையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று அன்று நான் பிடிவாதம் பிடித்தேன், ஏஜென்ட் அலுவலகத்தில் இரண்டே பக்கச் சுருக்கம் போதும் என்றார்கள். ஆறாம் பக்கத்தில் ஆப்பும், சரிவு 7 டிகிரி என்றும், 4 முதல் 9 வரை வேலை செய்யும் என்றும் எழுதியிருந்தது. 7 என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னொருவர் 8 வைத்து விற்றுவிடுவார். புரொவிஷனலில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. அடியில் வைக்கும் ரப்பர் மூட்டு நாங்கள் பிறகு சேர்த்தது, அதற்குப் பிந்திய தேதிதான்.

மடிப்பை மட்டும் சொன்ன முதல் கிளெய்மை விட்டுக்கொடுத்து, ஆப்பைச் சொன்ன மூன்றாவதை அதற்குள் சேர்த்துப் பதில் போட்டோம். இன்னொரு சுற்று கேள்வி வந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டன்ட் கிடைத்தது. தாக்கல் தேதியிலிருந்து 20 வருடம், ஆனால் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தவறவிட்டால் அதற்கு முன்பே போய்விடும். லேத் நண்பர் தன் பெயரை விரல் வைத்து வாசித்துவிட்டு, நகலை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கேட்டு வாங்கிப்போனார்.

போன மாதம் ஒரு கடையில் மடிக்கும் ஊன்றுகோல் பார்த்தேன். கைப்பிடியை அரைச் சுற்றுத் திருகினேன், ஒரு கையிலேயே மடிந்தது, அப்படியே தம்பியின் வீடியோ. விரித்து ஊன்றி எடையை வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் இறங்கியது. உள்ளே ஆப்பு இல்லை, நாங்கள் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.