மாத்திரை அட்டையும் வினாத்தாளும்

அரசுத் திட்டம் ஒன்றின் பயனை மதிப்பிடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வினாத்தாளைத்தான் தயாரிக்கிறார்கள். எதை அறிய வேண்டும், யாரிடம், எந்த நேரத்தில் கேட்டால் அது கிடைக்கும் என்பவற்றை முடிவு செய்த பிறகே வினாத்தாள் தேவையா என்று யோசிக்க வேண்டும் என்பது குமரி மாவட்டத்தில் களப்பணி செய்யும் எனது எண்ணம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் இத்திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது என்பதைப் பதிவேடே சொல்லிவிடும். அதற்காக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. வாங்கியவர்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் பதிவேட்டில் இராது. நேராகக் கேட்டால், முகதாட்சண்யத்துக்காகவே பலரும் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே, கடைசியாக மாத்திரை கொடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, அட்டையை எடுத்துவரச் சொல்லி, மிச்சமிருப்பதை எண்ணிப் பார்ப்பது மேல். அதுவும் முழுமையான சான்றாகாது. மனைவி சில நாள் சாப்பிடாமல் விட, அவர் பெயரில் வந்த அட்டையிலிருந்து கணவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் வீட்டில் கணக்கு ஏறக்குறைய சரியாகவே தோன்றும். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால்தான் அந்த விவரம் வெளியே வரும்.

நேரத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய், சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, அன்றைய வேலையை முடித்த பிறகே வீடு திரும்புவார்கள். முற்பகலில் வரும் கணக்கெடுப்பாளர் பூட்டிய கதவைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்துவிட்டால், உழைக்கும் குடும்பங்களே மாதிரியிலிருந்து, அதாவது ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களின் தொகுப்பிலிருந்து, விடுபட்டுப் போகும். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். அவர்களுக்காக வீட்டிலிருப்பவர் பதில் சொன்னால், பதிலளித்தவர் யார் என்பதைப் படிவத்தில் தனியே குறிக்க வேண்டும். மறுமுறை செல்வதற்கான செலவைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பதும் அவசியம். (நிதி தருகிறவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான்.)

குழுக் கலந்துரையாடல் காரணங்களை அறிய உதவும், எண்ணிக்கைக்கு உதவாது. மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி நடுவில் அமர்ந்திருக்கும்போது கடன் தவணையைப் பற்றிக் கேட்டால், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே வாய் திறப்பார்கள். இத்தகைய கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவதே முறை.

இப்போது டேப்லெட் கணினியில் படிவம் நிரப்புவதால், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் தாமாகவே பதிவாகின்றன. அரை மணி நேரம் பிடிக்கும் கேள்விகள் எட்டே நிமிடத்தில் முடிந்திருந்தால், மேற்பார்வையாளர் அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்று இரண்டு மூன்று கேள்விகளை மீண்டும் கேட்டு ஒப்பிட்டுவிடலாம்.