சிறுபோகக் கத்தரியும் குருத்துப் புழுவும்

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் எங்களுக்கு மணல் தறை. மழை குறைந்த சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் கத்தரி வைப்போம். போன முறை பூ வரும் முன்பே நுனிக் குருத்துகள் தலை சாய்த்து வாடின. தண்ணீர் போதாது என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அடிமண் ஈரமாகத்தான் இருந்தது. குருத்தொன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் புழு.

மருந்துக் கடையில் இரண்டு போத்தலை எடுத்து வைத்து, கலந்து அடிக்கச் சொன்னார்கள். வாங்காமல் விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போனேன். இரவில் வரும் அந்துப்பூச்சி இலைக்கு அடியில் முட்டை வைக்கிறது. பொரித்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள் போய்விடுகிறது, பிறகு மருந்து அதில் படாது என்று விளக்கினார். "வாடின குருத்தை வெட்டி எரியுங்கோ. காய் பிடிச்சால் காய்க்குள்ள போயிடும்" என்றார்.

சரி என்று வீட்டு ஆட்களோடு இறங்கினேன். கூலிக்கு ஆள் பிடித்தால் கட்டாது. வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும்; இல்லாவிட்டால் புழு தண்டிலேயே தங்கிவிடும். வெட்டியதை வரப்பில் போடாமல் வாளியில் சேர்த்து எரித்தோம். ஒவ்வொரு கிழமையும் இதே வேலை, முதுகு விட்டுப்போகும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டினோம். அதில் ஆண் பூச்சிதான் விழும். பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க உதவியது, அவ்வளவுதான்.

அப்படியும் முதல் பறிப்புகளில் பெரும்பங்கு சூத்தை. சந்தையில் வியாபாரி ஒரு காயை வெட்டிப் பார்ப்பார். புழு கண்டால் மூட்டைக்கே விலை இறங்கும். உள்ளே போன ஓட்டை தூர்ந்துவிடுவதால் வெளியில் காய் பளபளவென்றுதான் இருக்கும். பெரிய ஓட்டை தெரிந்தால் புழு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். பறிப்புத் தொடங்கின பிறகு மருந்தடிக்கவும் முடியாது. சில நாளுக்கு ஒருமுறை பறிக்கும் காய்க்கு, மருந்தடித்த பின் பறிக்காமல் விடவேண்டிய காத்திருப்புக் காலம் எங்கே கிடைக்கும்?

என் கணிப்பில் பாதித் தொல்லை வேலியோரத்தில் இருந்தது. அண்ணன் பிடுங்கிய பழைய கத்தரிச் செடிகளை விறகுக்கென்று அங்கேதான் குவித்திருந்தார். சருகுக்குள் கூட்டுப்புழு கிடந்தது. "அண்ணை, விறகு நான் தாறன், இதைக் கொளுத்துவம்" என்றதும் முகம் சுளித்தார். தன் காயையும் வியாபாரி தள்ளிவிட்ட பிறகுதான் நெருப்பு வைத்தார்.

கடைசிப் பறிப்புகள் பரவாயில்லை. செலவு மட்டும் தேறியது. இந்தப் பெரும்போகத்துக்கு அந்தத் தறையில் சோளம். கத்தரி நாற்று கிணற்றுக்கு மறுபக்கம் வலைக்குள் நிற்கிறது, அண்ணனுடைய நாற்றும் சேர்த்து.